ஆங்கிலத்தில் சோர் (sore) என்றால் புண் மட்டும்தானா?

நான் ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்த புதிதில், இரவு ஷிஃப்டில் ஒரு பாட்டி "சோர் ஹெட்" என்று முனகினார். நர்ஸிங் படித்தபோது என் மனதில் பதிந்த சோர், புண்தான். படுக்கைப் புண்ணுக்கு பெட் சோர் என்போமே, அது. விழுந்து அடிபட்டாரோ என்று பதறி, டார்ச் அடித்து முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். காயமே இல்லை. அவருக்கு வெறும் தலைவலி! இங்கே தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி எல்லாமே சோர்தான். தொண்டை வலிக்கு சோர் த்ரோட் என்று நாமும் சொல்கிறோம், ஆனால் அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போதெல்லாம் யார் சோர் என்றாலும், எந்த இடம், எப்படி வலிக்கிறது, தொட்டால் வலிக்கிறதா என்று கேட்ட பிறகுதான் குறிப்பு எழுதுகிறேன். இங்கே வேலைக்கு வரப்போகும் தங்கைகள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி. மன்னிப்புக் கேட்க நாம் தினமும் சொல்லும் 'ஸாரி'யும் (sorry) அந்த வேரிலிருந்து வந்ததுதான். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

———

அக்கா, எனக்கு நேர் எதிராக நடந்தது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கி வந்த மறுநாள், அமெரிக்க மேனேஜரிடம் காலில் 'சிவியர் பெயின்' என்றேன். உடனே டாக்டரைப் பாருங்கள் என்று பயந்துவிட்டார். பழக்கமில்லாத உழைப்பால் வரும் தசைவலிக்கு சோர் என்றாலே போதும் என்று பிறகுதான் தெரிந்தது. ஏறியதைவிட இறங்கியதில்தான் இந்த வலி அதிகம் வருமாம். இரண்டு மூன்று நாள் படி இறங்கவே முடியவில்லை. தமிழில் சோர்வு என்போமே, ஒலி ஒன்றுதான், இதற்கும் அதற்கும் உறவில்லை. களைப்பு வேறு, இது வேறு.

———

நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம், "ஆர் யூ சோர் அட் மீ?" என்றார். அவர் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல. முந்தின நாள் கார் நிறுத்துவதில் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தார், அதில் எனக்கு வருத்தமா, கோபமா என்று கேட்டிருக்கிறார். நாமும் மனம் புண்பட்டது என்கிறோம் அல்லவா? அந்த நர்ஸ் அக்கா தேடிய புண் எனக்கு இங்கே கிடைத்தது.