காரில் 50 வாட் ஹாம் ரேடியோ: பேசத் தொடங்கினால் அணைகிறது

கேள்வி:
வணக்கம். 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான 50 வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பிறருடன் பேசும் வானொலி) கருவியைக் காரில் பொருத்தி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்தேன். மைக்கின் பட்டனை அழுத்தியதும் திரை மங்கி அணைந்துவிடுகிறது. கருவியில் பழுதா?

பதில் 1:
கருவியில் பழுது இருக்க வாய்ப்பில்லை ஐயா. முழுத் திறனில் டிரான்ஸ்மிட் செய்கையில் அது சுமார் 10 ஆம்பியர் இழுப்பதால், சாக்கெட்டுக்குச் செல்லும் மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. பேட்டரியிலிருந்தே தடித்த ஒயரை இழுத்து, முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். என்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டை ஒயர் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அதன் விளிம்பே ஒயரின் உறையை அறுத்துவிடும்.

பதில் 2:
பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள புதிய கார்களில், பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டிலேயே கருவியின் நெகட்டிவ் ஒயரை மாட்ட வேண்டும். ஆன்டெனாவைப் பம்பரில் வைக்காதீர்கள். அரை மீட்டர் கம்பியானாலும் கூரையின் நடுவில்தான் நன்றாக எடுக்கும்.

கேட்டவர்:
ஒயரை மாற்றியபின் அணையவில்லை. நன்றி.