பழைய எம்எக்ஸ்-5: ஓபன் டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு எல்எஸ்டி போடலாமா?

பின்சக்கரம்:
என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். இறுக்கமான வளைவில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது. எஞ்சின் அலறுகிறது, கார் முன்னே போவதில்லை. மழை என்றால் கேட்கவே வேண்டாம். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் ஓபன் வகை, அதாவது ஒரு சக்கரம் வழுக்கினால் தடுக்காதது, என்று நினைக்கிறேன். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்), பிளேட்டுகள் உரசிப் பிடிக்கும் பிளேட் டைப், ஒன்று பழையதாகக் கிடைக்கிறது, டூ-வே. வாங்கிவிடலாமா? பெரும்பாலும் தினசரி ஓட்டம்தான், எப்போதாவது டிராக். கிரவுன் பினியனை (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) கழற்றி மாட்டுவதை நானே செய்யலாமா?

கிரீஸ்கை:
முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கால 1.6-இல் விஸ்கஸ் (கெட்டித் திரவத்தால் பிடிக்கும்) எல்எஸ்டி ஆப்ஷனாக வந்தது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓபன். ஆனால் விஸ்கஸ் பழசாகி உள்ளே இருக்கும் சிலிகான் திரவம் சத்தில்லாமல் போயிருந்தால் அதுவும் ஓபன் போலவே நடந்துகொள்ளும்.

டூ-வே தினசரி காருக்கு வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டாலும் அது பூட்டிக்கொள்ளும். வளைவுக்குள் நுழையும்போது கார் நேராகப் போகப் பார்க்கும், பார்க்கிங்கில் டக் டக்கென்று சத்தம் வேறு. ஹெலிக்கல் வகை (சாய்ந்த பற்கள் கொண்ட பல்சக்கரங்களே பிடிப்பது) அமைதியானது, தேய்ந்துபோக பிளேட்டும் இல்லை. அதன் குறை ஒன்றுதான். பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் டார்க்கைப் பெருக்கித்தான் மற்ற சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்தச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் பெருக்க எதுவுமில்லை. பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

எது போட்டாலும் சரி, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியரில் போட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். தரையில் இருந்த சக்கரம் பிடித்துக்கொண்டது, கார் ஜாக்கியைத் தள்ளிவிட்டு சுவரை நோக்கிப் போனது. பம்பரோடு போயிற்று.

மூன்றாங்கியர்:
1994 மாடலில் 1.8 எஞ்சினோடு 7 அங்குல கிரவுன் வீல் வந்தது, அதில் டார்சன் (ஹெலிக்கல் போலவே பல்சக்கரங்களால் பிடிக்கும் எல்எஸ்டி) ஆப்ஷன். உங்களுடையது 6 அங்குலம். 7 அங்குலத்தை முழு யூனிட்டாகவே வாங்கி மாட்டினால் பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு இடையிலான இடைவெளி) வைக்கும் தலைவலி இல்லை. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் 1.8-இலிருந்தே சேர்த்து எடுக்க வேண்டும். டிஃபரன்ஷியலின் கியர் ரேஷியோ 4.30-இலிருந்து 4.10 ஆகும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் 100-இல் போகும்போது 95 என்று காட்டும்.

உள்ளே இருப்பதையே பிரித்துப் போடுவதென்றால் கிரவுனையும் பினியனையும் ஜோடி பிரிக்காதீர்கள். பேரிங் கேப்கள் இடம் வலம் மாறக் கூடாது, கழற்றும் முன்பே எது எந்தப் பக்கம் என்று தெரியக் குத்துப்புள்ளி வையுங்கள். டயல் கேஜ் இல்லாமல் பேக்லாஷ் வைக்க முடியாது. கையில் ஆட்டிப் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று மூடிய டிஃபரன்ஷியல்கள் ஊளையிட்டே செத்தன. பிளேட் டைப்புக்கு எல்எஸ் (லிமிடெட் ஸ்லிப்) சேர்மானம் உள்ள ஜிஎல்-5 கியர் ஆயில் போடுங்கள், டார்சனுக்கு சாதாரண ஜிஎல்-5 போதும்.

கிரீஸ்கை:
இன்னொன்று கேட்க மறந்தேன். பின்பக்க ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரிஜினலா? தடிமனான பார் போட்டால் வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைக் குறைத்துவிடும். அப்புறம் எந்த டிஃபரன்ஷியல் போட்டும் பாதிப் பயன்தான்.

பின்சக்கரம்:
இன்று தூக்கிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது. கவரைத் திறந்தால்தான் ஓபனா, செத்துப்போன விஸ்கஸா என்று தெரியும்.

ஆனால் அண்ணா, பார் விஷயம் நீங்கள் சொன்னதுதான். முந்தைய உரிமையாளர் பின்னால் மட்டும் என் கட்டைவிரலைவிடத் தடிமனாக ஒன்றைப் போட்டிருக்கிறார், முன்னால் ஒரிஜினல். இப்போதைக்குப் பின்பார் லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அதே வளைவு, அதே இரண்டாவது கியர். சக்கரம் இன்னும் சுற்றத்தான் செய்கிறது, ஆனால் முன்புபோல் உடனே இல்லை. ஒரிஜினல் பாரைத் தேடி மாட்டிய பிறகு 7 அங்குல டார்சன் தேடப் போகிறேன். டூ-வேக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.