'கோர்ஸ்' என்றால் படிப்பா, போக்கா? – பாதியில் நின்றவரிடம் உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பது குறித்து

வேளிமலை நிழல்:
கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் அதுவரை பெற்ற உதவித்தொகை முழுவதையும் அரசுக்குத் திருப்பிக் கட்டியே தீர வேண்டும் என்று நேற்றிரவு கல்குளத்தார் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்த என் அக்காள் விடியும்வரை உறங்கவில்லை. அவருடைய மகன், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பொறியியல் படித்தவன். ரப்பர் பால் வெட்டப் போன தந்தை சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், ஐந்தாம் பருவத்தின் நடுவில் நின்றுவிட்டான். மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனபோது, கல்லூரி அலுவலகத்தில் ஒரு துண்டுத்தாளில் மூன்று ஆண்டுத் தொகைகளையும் பென்சிலால் எழுதிக் கூட்டி, கீழே இரண்டு கோடு இழுத்து, "இதைக் கட்டிவிட்டு வாருங்கள்" என்று கொடுத்திருக்கிறார்கள். கையொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. விதியோ வேறு: உதவித்தொகை எந்தப் படிப்புக்கு வழங்கப்பட்டதோ அதை ஆண்டின் இடையில் மாணவர் கைவிட்டால், அத்தொகையைத் திரும்பப் பெறுவது மாநில அரசின் விருப்புரிமை. தேர்வெழுதி முடித்த முதல் இரண்டு ஆண்டுகள் இதற்குள் எப்படி வரும்?

கல்குளத்தார்:
31 ஆண்டுகள் உதவித்தொகைக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில மூலத்தில் இருப்பது 'டியூரிங் த கோர்ஸ் ஆஃப் த இயர்' என்ற தொடர். கோர்ஸ் என்றால் படிப்பு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படிப்பை முடிக்கவில்லை என்றால் படிப்புக்கான தொகை முழுவதும் கேள்விக்கு உள்ளாகும். இதில் அக்காள் உறங்கினாரா இல்லையா என்பது கோப்பில் ஏறாத செய்தி.

குழித்துறைப் படித்துறை:
அண்ணாச்சியின் ஆங்கிலப் புலமைக்கு வணக்கம். 'டியூரிங் த கோர்ஸ் ஆஃப்' என்றால் ஒன்றின் போக்கில், அதாவது அந்த ஆண்டு ஓடிக்கொண்டிருக்கையில் என்று பொருள். உங்கள் கணக்குப்படி 'ஆஃப் கோர்ஸ்' என்பதற்குப் 'படிப்பினுடைய' என்றுதான் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். இந்த அறிவோடு 31 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் கோப்புகளை மூடினீர்கள் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

கல்குளத்தார்:
விளவங்கோட்டுப் பக்கத்தாருக்குக் கேலி இயல்பு. பதில் சொல்வதுதான் கடினம். சென்ற ஆண்டு வருமானச் சான்று விவாதத்திலும், ஆண்டு வருமான வரம்பு இரண்டரை இலட்சம் என்று நான் சொன்னபோது இப்படித்தான் சிரித்தீர்கள். பிறகு வாய் திறக்கவில்லை. மீண்டும் சொல்கிறேன்: கோர்ஸ் என்றால் படிப்பு.

ஆரல்வாய்மொழிக் காற்று:
சொல்லுக்குப் பொருள் எதுவாகவும் இருக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிப்பவர்கள் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். அரசுப் பணியில் குறித்த காலம் இருக்காவிட்டால் இலட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். மருத்துவர் கட்டும்போது பொறியியல் மாணவர் ஏன் கட்டக் கூடாது? வரிப்பணம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

வேளிமலை நிழல்:
மருத்துவர் கையெழுத்திட்டது பிணைப்பத்திரம். என் மருமகன் கையெழுத்திட்டது விண்ணப்பம். பொய்ச் சான்று கொடுத்து வாங்கியவரிடமிருந்து தொகையை மீட்க விதியில் தனிப் பிரிவு இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. இவன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. 2021-22 முதல் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதிலிருந்து கல்லூரிக் கட்டணத்தை அவரே செலுத்த வேண்டும். அவனுடைய வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள்: ஒரு வரியில் வரவு, அடுத்த வரியில் கல்லூரிக்குச் செலவு, அதற்கடுத்து மீதி 214 ரூபாய். அவன் கையில் தங்கியது அந்த 214 தான்.

தேங்காய்ப்பட்டணத்துத் தோணி:
போஸ்ட் மெட்ரிக் பணமாவது கணக்கு வழியாகப் போகிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத மாணவர்களுக்காக 2010-இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகையில் பணம் மாணவர் கண்ணிலேயே படாது. கல்விக் கட்டணத்தை அரசே கல்லூரிக்குக் கொடுத்துவிடும். சாதி, வருமானம் எதுவும் அதற்குத் தடையில்லை. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருந்தால் போதும், நிர்வாக ஒதுக்கீடு என்றால் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தச் சான்றிதழே கிடைக்கவில்லை. திருவிதாங்கூர்க் காலத்தில் என் தாத்தா பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் வரை படித்தாராம். அதைப் பட்டம் என்று ஒரு அலுவலகத்தில் எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கல்குளத்தார்:
தாத்தாவின் இன்டர்மீடியட்டைப் 'பி.ஏ.' என்று உங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களில் அச்சடித்தது அலுவலகமா? 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு, மாநிலத்தில் முதலிடம் என்று மேடைதோறும் மார்தட்டும் மாவட்டத்தில், சான்றிதழ் கேட்கும்போது மட்டும் தாத்தாக்கள் எல்லாரும் கைநாட்டு ஆகிவிடுகிறார்கள்.

தேங்காய்ப்பட்டணத்துத் தோணி:
எங்கள் வீட்டு அழைப்பிதழை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? உங்களுக்கு நாங்கள் அழைப்பு வைக்கவே இல்லையே!

கல்குளத்தார்:
வைக்காததைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். உதவித்தொகை என்பது இனாம் அல்ல, நிபந்தனையோடு வருவது என்பதை இங்கே ஒருவரும் பேச மறுப்பதால் நானே பேசுகிறேன். முன்அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை இரத்து செய்யலாம். பி.காம். முடித்துவிட்டு அதே நிலையில் பி.ஏ. சேர்ந்தால் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகைகள் வாங்க முடியாது. இவற்றையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன் படிக்காமல், நின்றபின் வந்து அழுதால் யார் என்ன செய்ய முடியும்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. அந்த அளவில் கல்லூரி செய்தது தவறு என்று நானே சொல்வேன். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பணம் வேறு கணக்கு. கோர்ஸ் என்றால் படிப்பு. நான்கு ஆண்டுப் படிப்பு.

குழித்துறைப் படித்துறை:
இத்தனை விதிகளையும் சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லில் வந்து இப்படி முட்டிக்கொண்டு நிற்கிறீர்களே! அந்தத் தொடரிலேயே 'இயர்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது உங்கள் கண்ணாடிக்குத் தெரியவில்லையா? திரும்பப் பெறுவதும்கூட அரசின் விருப்புரிமை என்றுதான் இருக்கிறது. 'கட்டியே தீர வேண்டும்' என்பது நீங்கள் சேர்த்த சரக்கு.

கல்குளத்தார்:
என் கண்ணாடியைப் பற்றிப் பேசுவோர் என் பணிப்பதிவேட்டையும் பார்க்கலாம்; ஒரு தணிக்கைக் குறிப்புகூட என் பெயரில் இல்லை. விருப்புரிமை அரசுக்குத்தான் உண்டு, குழித்துறைக்கு இல்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று:
நான் கேட்ட வரிப்பணக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேளிமலை நிழல்:
பிணைப்பத்திரம் இல்லை என்று சொன்னதே பதில். திங்கட்கிழமை நானும் மருமகனும் கல்லூரிக்குப் போகிறோம். எந்த ஆண்டுக்கு எவ்வளவு, யாருடைய எந்த உத்தரவின்படி என்று கையொப்பத்தோடு எழுதித் தரச் சொல்லி மனுக் கொடுத்து, ஒப்புகையும் வாங்கி வருவோம். பென்சில் தாளுக்கு ஒரு காசும் கட்டுவதாக இல்லை.

கல்குளத்தார்:
தாராளமாகக் கேளுங்கள். எழுதித் தந்தாலும் அதில் கோர்ஸ் என்றுதான் இருக்கும்.

குழித்துறைப் படித்துறை:
அகராதியின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடட்டுமா, அண்ணாச்சி?

கல்குளத்தார்:
அகராதி அரசாணை ஆகாது.