விசிட்டர் விசாவில் போன இடத்தில் கல்யாணம்: அமெரிக்காவில் எங்களுக்கு நடந்தது

எடிசன் மருமகள்:

விசிட்டர் விசாவில் வந்து சிட்டிசனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்த தங்கைக்காக எழுதுகிறேன். நான் அப்படிப் பண்ணிக்கொண்டவள்தான். நியூ ஜெர்சி, எடிசன். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது.

நான் வந்தது அக்காவின் வளைகாப்புக்கு. பி1/பி2 விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருந்தது. வந்த இடத்தில் அத்திம்பேரின் நண்பர் ஒருவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார். பழகினோம், பிடித்துப் போயிற்று. திருச்சியில் அப்பா ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவே இல்லை, அப்புறம் தானாகவே நாள் குறித்து அனுப்பினார்.

வக்கீலிடம் போனோம். எங்களுக்குள் காதலா, நிச்சயித்ததா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "ஏர்போர்ட்டில் ஆபீசர் எதற்கு வந்தாய் என்று கேட்டபோது என்ன சொன்னாய்?" இதுதான் முதல் கேள்வி. அக்கா வளைகாப்பு என்று சொன்னேன் என்றேன். பத்திரிகை இருக்கிறதா, ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருந்தாயா, ஊரில் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயா, இவரை எப்போது முதலில் பார்த்தாய் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. "சரி, நீ பொய் சொல்லி உள்ளே வரவில்லை. மற்றதெல்லாம் வெறும் ஃபார்ம்" என்றார்.

அந்த "வெறும் ஃபார்ம்" எத்தனை என்று பிறகுதான் தெரிந்தது. நான் மனைவி என்று கணவர் போடுவது ஐ-130, கிரீன் கார்டு கேட்டு நான் போடுவது ஐ-485, என்னை அரசாங்கத்துக்குப் பாரமாக விடமாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட ஐ-864, வேலைக்கு ஐ-765, வெளிநாடு போய்வர ஐ-131. 2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி, காகிதத்தில் போட்டால் ஐ-130க்கு 675 டாலர், ஐ-485க்கு 1440. வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 தனி. முன்பெல்லாம் கடைசி இரண்டும் ஐ-485 கட்டணத்திலேயே அடக்கம். எங்கள் நேரம்!

கல்யாணம் எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. இங்கே தாலி கட்டிவிட்டு அப்புறம் போய்ப் பதிவு செய்வது கிடையாது. முதலில் லைசென்ஸ். மாப்பிள்ளை குடியிருக்கும் ஊரின் பதிவாளரிடம் ஒரு சாட்சியோடு போய் 28 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 72 மணி நேரம் கழித்துத்தான் லைசென்ஸ் தருவார்கள். கோயிலில் வாத்தியார் முகூர்த்தம் கேட்பதற்கு முன்னால் லைசென்ஸ் வாங்கியாச்சா என்றுதான் கேட்டார். மாங்கல்யதாரணம் முடிந்த கையோடு, அட்சதை ஒட்டிய விரலாலேயே அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி நடந்த கல்யாணம் அந்தக் கையெழுத்துதான்.

கிரீன் கார்டு இன்டர்வியூவில் நடந்ததைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆபீசர் அம்மா ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். காசி யாத்திரைப் படத்தில் நின்றுவிட்டார். இவர் குடையும் தடியுமாக விறுவிறுவென்று வெளியே நடக்கிறார், அப்பா பின்னாலேயே ஓடுகிறார். "கல்யாணத்தன்று மாப்பிள்ளை எங்கே போகிறார்?" என்றார். சந்நியாசம் வாங்கப் போகிறார், அப்பா சமாதானம் செய்து கூட்டிவருவார் என்று இவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு விளக்கினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மா சிரித்துவிட்டு, "நல்லவேளை, திரும்பி வந்தீர்கள்" என்று பக்கத்தைத் திருப்பினார். அதற்கப்புறம் வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுன்ட், இன்ஷூரன்ஸில் யார் பெயர் என்று வழக்கமான சமாசாரங்கள்.

டாலஸ்காரன்:

அக்காவுக்கு வாழ்த்துகள். ஆனால் இதைப் படித்துவிட்டு நிச்சயதார்த்தம் முடிந்த பெண்ணை விசிட்டர் விசாவில் கூட்டிவந்து தாலி கட்டலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. எனக்கு நண்பர்கள் அந்த யோசனையைத்தான் சொன்னார்கள். "டேய், எல்லாரும் பண்றதுதான், உள்ளே வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

நான் இங்கே குடியுரிமை வாங்கியவன். மதுரையில் நிச்சயம் பண்ணி வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு விசிட்டர் விசா எடுக்கலாம் என்று டிஎஸ்-160 ஃபார்மைத் திறந்து உட்கார்ந்தோம். பெற்றோர் தவிர அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அந்தப் பட்டியலில் கணவன், மனைவி, உடன்பிறந்தவர், பிள்ளைகளோடு நிச்சயிக்கப்பட்டவரும் சேர்த்தி. "ஆமாம்" என்று போட்டு, அங்கேயே குடியேறும் எண்ணமும் இருந்தால் 214(b) பிரிவில் விசா கிடைக்காது. "இல்லை" என்று போட்டால் அது பொய். பின்னால் கிரீன் கார்டு பேட்டியில் அதே ஃபார்ம் ஆபீசரின் மேஜையில் இருக்கும்.

பொய் சொல்லி விசாவோ அனுமதியோ வாங்கியதாக முடிவு செய்துவிட்டால் அது ஆயுளுக்கும் தடை. ஐ-601 என்று ஒரு மன்னிப்பு மனு உண்டு, அதற்குச் சிட்டிசன் துணைக்குக் கடுமையான கஷ்டம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்வதற்காகவே கே-1 என்று ஒரு விசா இருக்கும்போது (வந்து 90 நாளுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்) இந்தக் குறுக்கு வழி எதற்கு?

நாங்கள் கே-1க்கும் போகவில்லை. மதுரையில் கல்யாணம், ரிஜிஸ்டர், ஐ-130, அப்புறம் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பேட்டி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் குடும்பம் நடத்தினோம். மாமனார் வீட்டில் "மாப்பிள்ளை எப்போ கூட்டிட்டுப் போவாரு" என்று கேட்காத ஆள் கிடையாது. ஆனால் அவள் விமானம் விட்டு இறங்கியவுடனேயே கிரீன் கார்டுக்காரி. மறுநாளே வேலை தேடலாம். அக்கா மாதிரி வேலை அனுமதிக்குக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

பெயர் வேண்டாமே:

என் சித்தி மகளுக்கு நடந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விசா முன்பே இருந்தது. மாப்பிள்ளை சிட்டிசன், அங்கே கோயிலில் கல்யாணம், தேதி குறித்தாகிவிட்டது. எதற்கு வந்தாய் என்று ஏர்போர்ட்டில் ஆபீசர் கேட்டதற்கு "சுற்றிப் பார்க்க" என்றாள். எத்தனை நாள், யார் வீட்டில், அவர் உனக்கு என்ன வேண்டும்? "ஃபேமிலி ஃபிரெண்ட்." உள் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கைப்பையைத் திறந்தால் கூரைப்புடவை, மஞ்சள் துணியில் சுற்றிய திருமாங்கல்யம். செல்போனைத் திறக்கச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகை அதில் இருந்தது, அவள் பெயரும் அவர் பெயரும் கொட்டை எழுத்தில். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது.

உள்ளே நுழையக் கேட்டதைத் தானே திரும்பப் பெறுவதாக எழுதி வாங்கிக்கொண்டு, விசாவை ரத்து செய்து, அடுத்த விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். அதுவே அவள் அதிர்ஷ்டம் என்று வக்கீல் சொன்னாராம். உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டிருந்தால் ஐந்து வருஷம் தடை.

எரிச்சல் என்னவென்றால், விசிட்டர் விசாவில் வந்து கல்யாணம் முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இவர்கள் முதலில் போட்டிருந்த திட்டமும் அதுதான்! கல்யாணத்துக்கு வருகிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன், இதோ டிக்கெட், இதோ வேலைக் கடிதம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதும் ஆபீசர் நம்பாமல் போயிருக்கலாம்தான். ஆனால் கோப்பில் பொய் என்று ஒரு வரி ஏறியிருக்காது. யாரோ உறவுக்காரர் "கல்யாணம்னு மட்டும் வாயைத் திறக்காதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் இப்போது யார் வீட்டு விசேஷத்திலும் எங்கள் கண்ணில் படுவதில்லை.

சிகாகோ தமிழன்:

என் மனைவிக்குக் கல்யாணத்தின்போதே ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) தேதி தாண்டிவிட்டது. நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டில் விசா பத்து வருஷம் என்று இருக்கும். இறங்கும்போது தங்குவதற்குக் கொடுப்பது வழக்கமாக ஆறு மாதம். கணக்கு ஐ-94ல் உள்ள தேதிதான்.

முறையாகச் சோதனை முடிந்து உள்ளே வந்தவர், சிட்டிசனைக் கட்டிக்கொண்டால் தேதி தாண்டியதையும் அனுமதியில்லாமல் வேலை பார்த்ததையும் காரணம் காட்டி ஐ-485ஐ மறுக்க மாட்டார்கள். இந்தச் சலுகை சிட்டிசனின் துணைக்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டால் கிடையாது. "கிரீன் கார்டும் சிட்டிசன் மாதிரிதானே" என்று மாப்பிள்ளை வீட்டார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. தேதி தாண்டியவர்கள் மனு முடியும் முன் நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டுப் போனால் மூன்று வருஷம், ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருஷம் திரும்பி வர முடியாது. 1996ல் கொண்டுவந்த சட்டம்.

இப்போது காலம் வேறு மாதிரி இருக்கிறது. மனு போட்டிருப்பது மட்டுமே நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பு ஆகாது என்று யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் அரசுத் துறை) 2025 ஆகஸ்டில் தன் கொள்கைக் கையேட்டில் எழுதிவைத்தது. அதே வருஷம் நவம்பரில் சான் டியாகோவில், பேட்டிக்கு வந்த சிட்டிசன்களின் துணைகளைத் தேதி தாண்டியதற்காக அங்கேயே கைது செய்த செய்தி வந்தது. எங்கள் பேட்டி அதற்கு முன்பே நல்லபடியாக முடிந்துவிட்டது. இன்று போவதாக இருந்தால் வக்கீல் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே மாட்டேன்.

புதுசு:

அக்கா, வந்த 90 நாளுக்குள் கல்யாணம் பண்ணினால் தானாகவே ரிஜெக்ட் ஆகிவிடும் என்கிறார்களே? அப்புறம் என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. பர்த் சர்டிபிகேட்டிலும் பெயர் இல்லை, "பெண் குழந்தை" என்றுதான் இருக்கிறது.

எடிசன் மருமகள்:

தானாக எதுவும் ரிஜெக்ட் ஆகாதும்மா. அந்த 90 நாள் கணக்கு வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு 2017ல் எழுதி வைத்தது. வந்து 90 நாளுக்குள் கல்யாணம் முடித்து இங்கேயே குடியேறினால், வரும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று அவர்கள் அனுமானிக்கலாம். கிரீன் கார்டு மனுவைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. அதற்காக வந்த மறுநாளே கட்டிக்கொண்டால் கேள்வி வராமலும் இருக்காது. 91வது நாள் கட்டிக்கொண்டால் பொய் உண்மையாகிவிடவும் செய்யாது. காலண்டரைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சர்நேம் விஷயம் நம் தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் உள்ளது. எனக்கும் காலிதான். விசாவில் என் பெயரைச் சர்நேம் இடத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று அடித்திருந்தார்கள். மேரேஜ் லைசென்ஸிலும் அப்படியே இறங்கிவிட்டது. லைசென்ஸ் வாங்கும் முன்பே எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் பேசிவிடு. பர்த் சர்டிபிகேட்டில் பெயர் சேர்க்க, பதிவு செய்த நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ அம்மா அப்பாவை இப்போதே மனு கொடுக்கச் சொல். அதற்கு நேரம் எடுக்கும்.

பயண அனுமதி கைக்கு வரும் வரை ஊருக்குப் போக முடியாது, போனால் ஐ-485ஐக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். தம்பி கல்யாணத்தை நான் லேப்டாப்பில்தான் பார்த்தேன். நாத்தனார் முடிச்சு நான் போட வேண்டியது, பெரியப்பா பெண் போட்டாள். வீட்டில் அறுபதாம் கல்யாணம், பிரசவம் என்று ஏதாவது வருவதாக இருந்தால் டாலஸ் தம்பி சொன்ன வழியை யோசி.

டாலஸ்காரன்:

இரண்டு வருஷக் கார்டு பற்றியும் சொல்லிவிடுங்கள் அக்கா.

எடிசன் மருமகள்:

ஆமாம், மறந்தே போனேன். கார்டு அப்ரூவ் ஆகும் அன்றைக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை என்றால் நிபந்தனையுள்ள கார்டுதான் தருவார்கள், இரண்டு வருஷம் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்டு ஐ-751 போட வேண்டும். மறுபடி ஜாயின்ட் அக்கவுன்ட், வரிக் கணக்கு, படங்கள். அதனால் சேர்ந்து இருப்பதற்கான காகிதங்களை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டே வா.

மெடிக்கல் ஐ-693ஐ இப்போது ஐ-485 கூடவே வைக்க வேண்டும், 2024 டிசம்பர் 2லிருந்து. எந்த டாக்டரிடமும் போக முடியாது, சிவில் சர்ஜன் என்று யுஎஸ்சிஐஎஸ் பட்டியலில் இருப்பவரிடம்தான். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் ஊரிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல், இல்லையென்றால் இரண்டு கையிலும் குத்துவார்கள். காச நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டித் தருவார்கள். ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிடாதே, பிரித்த கவரை வாங்க மாட்டார்கள். உனக்கென்று ஒரு காப்பி அந்த டாக்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்.