பெல்லட் கிரில்லில் வார நாள் இரவுச் சமையல்: அதிகச் சூட்டில் விரைவாகச் சுட முடியுமா?

மழைநாடன் (ஹில்ஸ்பரோ, ஒரிகன்) கேட்கிறார்:

சென்ற கோடையில் ஒரு பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளான பெல்லட்டுகளை எரித்துச் சமைப்பது) வாங்கினோம். சனி, ஞாயிறுகளில் அதன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பன்றித் தோள்பட்டை இறைச்சியை விடியற்காலையில் 225 டிகிரியில் வைத்தால் மாலையில் கையால் பிய்க்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை. (நான் சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்.)

சிக்கல் வார நாட்களில்தான். ஆறு மணிக்கு வேலை முடிகிறது. ஏழு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு பிசறிய கோழித்தொடையை 450-இல் வைக்கிறேன். வேகிறது, ஆனால் சிவக்கவில்லை. மேலே வெளிறி, அடியில் நீர் விட்டுக் கிடக்கிறது. ஓரம் சற்றுக் கருகட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால் உள்ளே வறண்டுவிடுகிறது. திரையில் 450 என்றுதான் காட்டுகிறது. இந்த மாடலின் உச்சமும் அதுதான்.

இந்தக் கருவி நிதானமாக வேகும் பெரிய இறைச்சிக்கு மட்டும்தானா? கரியடுப்பில் கிடைக்கும் அந்த முறுகலுக்கு வழி இருக்கிறதா? இல்லை, தனியாக ஒரு கேஸ் கிரில் வாங்கிவிடுவது நல்லதா? பின்கட்டில் இடம் குறைவு என்பதால் கேட்டுவிட்டு முடிவு செய்ய நினைக்கிறேன்.

கரிசல்மண் (டாலஸ்):

இடம் இருந்தால் சின்ன கேஸ் கிரில் ஒன்று வாங்குங்கள் நண்பரே. பத்தே நிமிடத்தில் சூடாகிவிடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். வார நாளில் கேஸ், விடுமுறையில் பெல்லட். ஒரு கருவியிடம் எல்லா வேலையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுப்படி (பீவர்ட்டன், ஒரிகன்):

இன்னொரு கிரில் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கணவருக்கு இரவு ஷிப்ட். அவர் கிளம்புவதற்குள் சாப்பாடு ஆக வேண்டும் என்பதால், பெல்லட் கிரில்லைத்தான் வார நாட்களில் அதிகம் பயன்படுத்துகிறேன். விரைவாகவும் சுடலாம், நன்றாகவும் சிவக்கவைக்கலாம். ஆனால் கரியடுப்பில் செய்வதை அப்படியே இதில் செய்தால் வராது.

இது பிறந்த இடத்தைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மவுண்ட் ஏஞ்சலில், வீடுகளைச் சூடேற்றும் சாதனங்கள் விற்ற டிரேகர் குடும்பத்தினர் 1980-களின் நடுவில் இதை உருவாக்கினார்கள். 1986-இல் காப்புரிமை கிடைத்தது. 2006-இல் அது காலாவதியான பிறகே மற்ற நிறுவனங்கள் வரிசையாக உள்ளே வந்தன. குளிர்கால வீட்டைச் சூடாக்கும் உலையின் ஏற்பாடு அப்படியே இதற்குள்ளும் இருக்கிறது. தொட்டியிலிருந்து திருகுத்தண்டு பெல்லட்டைத் தள்ளுகிறது, அது ஒரு சிறு கிண்ணத்தில் எரிகிறது, விசிறி அந்தச் சூட்டைப் பெட்டி முழுவதும் பரப்புகிறது. நெருப்புக்கும் உணவுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடும், கொழுப்பு வடியும் தட்டும் இருக்கின்றன. அதனால் உங்கள் கோழி நெருப்பைப் பார்ப்பதே இல்லை. அதைத் தொடுவது சூடான காற்று மட்டும்தான்.

கரியடுப்பில் கனலின் வெப்பம் நேராக இறைச்சியின் மேல் பாய்கிறது. காற்றோ, 450-இல் இருந்தாலும், ஒரு நிமிடத்தில் கொடுக்கக்கூடிய வெப்பம் மிகக் குறைவு. ஈரத்துணியைக் கொடியில் காயப்போடுவதற்கும் இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. திரையில் நீங்கள் பார்க்கும் எண்ணும் உணரி இருக்கும் இடத்துக் காற்றின் சூடுதான், கம்பியின் சூடு அல்ல. அந்தக் கம்பிகளும் மெல்லியவை. குளிர்ந்த கோழி மேலே விழுந்த உடனே சூட்டை இழந்துவிடும்.

ஆகவே உள்ளே கனமான இரும்பை வையுங்கள். நான் மதுரையிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்பு தோசைக்கல்லை வைக்கிறேன். இங்கே கடைகளில் கிடைக்கும் வார்ப்பிரும்புச் சட்டியும் போதும். கிரில்லைப் பற்றவைக்கும்போதே கல்லும் உள்ளே இருக்க வேண்டும். திரை 450-ஐ எட்டியதும் அவசரப்பட வேண்டாம். அதன் பின் இன்னும் பத்து நிமிடமாவது விடுங்கள். காற்று சூடாகிவிடும், இரும்பு பின்தங்கித்தான் வரும். மொத்தத்தில் அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சோறு வடித்து, வெங்காயம் நறுக்கி, பிள்ளைகளின் பையைப் பார்த்துவிடலாம். அந்தக் கல்லில் வைத்த கோழி உடனே சத்தம் போட வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் கல் இன்னும் தயாராகவில்லை.

கல்லை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒவ்வொரு கிரில்லிலும் சூடு ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும். கடையில் வாங்கும் ரொட்டித் துண்டுகளைக் கம்பி முழுக்கப் பரப்பி, சில நிமிடம் மூடிவைத்துத் திறந்து பாருங்கள். எந்தத் துண்டு முதலில் கருகியிருக்கிறதோ அதுதான் கல்லுக்கு இடம்.

இனி கோழி. நீங்கள் சொன்ன அந்த நீர்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு முழுவதும் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். தண்ணீர் கொதிக்கும் 212 டிகிரியைத் தாண்டி மேற்பரப்பு போகாது. சிவப்பதற்கு 300 டிகிரியை ஒட்டிய சூடாவது வேண்டும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதை மட்டும் பிசறுங்கள். வைக்கும் முன் அதிகப்படியான மசாலாவை விரலால் வழித்துவிட்டு, மேலே எண்ணெய் தடவுங்கள். தேனோ சர்க்கரையோ வேண்டாம். கோழி வேகும் முன்பே அது கருகிக் கசக்கும்.

எலும்பில்லாத தொடையை வாங்கி, தட்டி, எங்கும் அரை அங்குலக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம். கல்லை நெருக்கமாக நிரப்பாதீர்கள். நிரப்பினால் மறுபடியும் நீர் விடும். கோழிக்கு உள்சூடு 165 வந்தால் பாதுகாப்பு. ஆனால் தொடைக்கு 175 வரை விட்டால்தான் கடிக்க இதமாக இருக்கும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் காற்றின் சூடு சரிகிறது. கருவி அதை ஈடுகட்ட பெல்லட்டை அள்ளிப் போடுகிறது. மூடிய பிறகு சூடு எல்லை மீறுகிறது. ஒருமுறை வைக்க, ஒருமுறை திருப்ப, ஒருமுறை எடுக்க. அது போதும்.

புகை மணத்தை வார நாளில் எதிர்பார்க்க வேண்டாம். அதிகச் சூட்டில் பெல்லட் சுத்தமாக எரிந்துவிடும். நல்ல புகை வருவது 180-இலிருந்து 225 வரை மங்கி எரியும்போதுதான். எனக்கு இதில் குறை இல்லை. சீரகமும் கசூரி மேத்தியும் சேர்ந்த கோழிக்கு மரத்தின் மெல்லிய வாசமே போதும்.

கரிசல்மண் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கேஸ் விரைவுதான். ஆனால் இடம் இல்லாதவருக்கு ஒரு தோசைக்கல்லின் செலவில் தீரும் வேலைக்கு இன்னொரு கருவி எதற்கு?

தென்னங்கீற்று (மினசோட்டா):

நாங்கள் சைவம். 'கிரில்' என்றாலே இறைச்சி என்று எல்லோரும் பேசுவதால் சொல்கிறேன்: பெரிய கத்தரிக்காயைக் குத்துப் போட்டு (குத்தாவிட்டால் வெடிக்கும்) 450-இல் வெறும் கம்பியின் மேலேயே வைத்துவிடுங்கள். அரை மணிக்கு மேல் ஆகும், ஆனால் தொட வேண்டியதே இல்லை. தோல் சுருங்கி, உள்ளே குழைந்துவிடும். அதில் செய்யும் கொத்சுக்கு ஈடு இல்லை. கல் சூடாகும் அரை மணியிலேயே இதையும் உள்ளே போட்டுவிடலாம். பனீருக்கு அடுப்படி சொன்ன கல்தான் சரி. கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது.

சில மாடல்களில் தடுப்புத் தகட்டின் நடுவே ஒரு மூடியை நகர்த்தி நேரடித் தீயைத் திறக்கலாம். பிட் பாஸ் கிரில்களில் இந்த வசதி உண்டு. மழைநாடன், உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

மழைநாடன்:

பார்த்தேன், அந்த வசதி இல்லை. அடுப்படி அக்கா, விரிவாக எழுதியதற்கு மிகவும் நன்றி. இரண்டு கேள்விகள். மீனுக்கும் இதே முறைதானா? அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே போனில் பற்றவைத்துவிட்டால் அரை மணி மிச்சமாகுமே, அது சரியா?

அடுப்படி:

வீட்டில் ஆள் இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. உங்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சி செய்கிறீர்கள். அதன் கொழுப்பு தட்டில் உறைந்து கிடக்கும். 225-இல் அது சும்மா இருந்தது. செவ்வாய்க்கிழமை 450-க்கு ஏற்றும்போது அதே கொழுப்பு தீப்பிடிக்கும். எனவே கொழுப்பாக எதையாவது செய்தால், அடுத்த அதிகச் சூட்டுச் சமையலுக்கு முன் தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் உள்ளே தீப்பிடித்தால் மூடியைத் திறக்காமல் கருவியை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். கிண்ணத்துச் சாம்பலையும் அவ்வப்போது, நன்றாக ஆறிய பிறகு, உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்காமல் அணைப்புச் சுற்று முடியும்வரை விசிறியை ஓடவிடுங்கள். மிச்ச பெல்லட் எரிந்து தீர வேண்டும்.

மீனுக்கு இதே கல், ஆனால் 400 போதும். இந்திய மளிகைக் கடையில் உறைந்து வரும் வஞ்சிரத் துண்டு என்றால் முழுதாக உருகவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, மிளகாய் மசாலா தடவி, பக்கத்துக்கு நான்கு நிமிடம். ஆனால் நாம் ஒரிகனில் இருக்கிறோம், சால்மனை விட்டுவிடாதீர்கள். தோல் பக்கம் கல்லில் படும்படி வைத்து, திருப்பாமல், ஓர் அங்குலக் கனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மஞ்சள், மிளகு, கறிவேப்பிலை, கடைசியில் எலுமிச்சை. இந்தப் பகுதியில் சால்மனுக்கு ஆல்டர் மரம்தான் வழக்கம். அந்த பெல்லட் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பெல்லட்டைப் பற்றி ஒன்று. நம் மழையில் திறந்த மூட்டையை வெளியே வைக்காதீர்கள். ஈரம் பட்டால் ஊதி மரத்தூளாகி, திருகுத்தண்டில் அடைத்துக்கொள்ளும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், மேலே பளபளப்பு இருக்க வேண்டும். மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள். உச்சச் சூட்டில் மணிக்கு இரண்டு மூன்று பவுண்டு தின்னும் என்பதால் தொட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைநாடன்:

தட்டை இன்றே சுத்தம் செய்துவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே கொழுப்பு கெட்டியாக உறைந்திருந்தது. எலும்பில்லாத தொடை வாங்கியாகிவிட்டது, தயிர் துணியில் தொங்குகிறது. எங்கள் தோசைக்கல்லுக்கு மரக் கைப்பிடி இருக்கிறது. அப்படியே வைக்கலாமா?

அடுப்படி:

வைக்காதீர்கள், திருகைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிடுங்கள். மரமோ பிளாஸ்டிக்கோ எதுவும் உள்ளே போகக் கூடாது. கழற்ற வரவில்லை என்றால் முழுக்க இரும்பாலான சட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லைத் தொடுவதற்குத் தடித்த தோல் கையுறையும் வேண்டும். சமையலறையின் துணிப் பிடி இந்தச் சூட்டுக்குத் தாங்காது.