நீரோடியிலிருந்து பாறசாலைக்கு மழை நாளில் எந்த வழி?

அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரமா ஒரு உதவி வேணும்.

எங்க வீடு நீரோடியில. மேற்குக் கடற்கரையில தமிழ்நாட்டோட கடைசி ஊர், அதைத் தாண்டினா பொழியூர், கேரளா. அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் திருவனந்தபுரத்துல டயாலிசிஸ். விடியக்காலையில ஆட்டோ பிடிச்சு பாறசாலை, அங்கிருந்து ரயில். ஐப்பசி பிறந்ததுல இருந்து இந்தப் பயணமே பெரும்பாடா இருக்கு.

போன செவ்வாய்க்கிழமை அலை அடிச்சு கடலோர ரோடு முழுக்க மண்ணு. ஆட்டோ சக்கரம் புதைஞ்சு நின்னுட்டு. கொட்டுற மழையில நானும் டிரைவரும் தள்ளுறோம். உள்ளே அம்மா, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயை இணைச்சு வச்ச இடம்) போட்ட இடது கையைத் துண்டால சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பேசாம உட்கார்ந்திருந்தாங்க. ரயில் போயிடுச்சு. லேட்டா போனதால அன்னைக்கு முழு நேரமும் டயாலிசிஸ் கிடைக்கல, ராத்திரி முழுக்க மூச்சு முட்டுச்சு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாள். அதுல மாமாவைப் பறிகொடுத்தோம். இப்பவும் காத்து ஊளையிட்டா அம்மா வாசப்படி இறங்க மாட்டாங்க.

கொல்லங்கோடு, ஊரம்பு வழியா தினமும் போறவங்க சொல்லுங்க, அந்த ரோட்டுல எங்கெல்லாம் தண்ணி கட்டும்? விடியக்காலை நாலு மணிக்கு நம்பி வரக்கூடிய கார் டிரைவர் யாராவது இருக்காங்களா? 2021 நவம்பர்ல மண் சரிஞ்சு ரயில் நின்ன மாதிரி ஆச்சுன்னா, பாறசாலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு? மார்த்தாண்டம் பக்கமே டயாலிசிஸுக்கு இடம் காலி இருந்தா இன்னும் நல்லது.

வியாழக்கிழமை மறுபடி போகணும். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.