புதுப்பிப்பு: ஏற்காட்டு வீட்டுத் தோட்டச் சுவர்

போன மழையில் எங்கள் தோட்டச் செங்கல் சுவர் முன்பக்கம் சாய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? பிரித்து மறுபடி கட்டியாயிற்று. 12 அடி நீளம், 2 அடி உயரம், 9 அங்குலக் கனம்.

சுவருக்குப் பின்னால் சரிவில் தேங்கிய தண்ணீர் வெளியேற முன்பு வழியே விடவில்லை, அதுதான் தப்பு. இந்த முறை அடிவரிசையில் 4 அடிக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு, பின்னால் ஜல்லி. செங்கல்லைத் தொட்டியில் போட்டால் குமிழி விடும். அது நிற்கும்வரை ஊறவிட்டேன். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பே வராது. கலவை 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். அப்புறம் 7 நாள் சாக்கு போட்டு நனைத்தேன்.

நேற்று ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று குழாயிலும் செம்மண் தண்ணீர் சொட்டுகிறது. சுவர் அசையவில்லை. குழாய் வைக்கச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.